‘அந்த மாதிரிப் பெண்ணியம் எங்களுடையதில்லை’ என்று சொல்வதா, விடுவதா?

கடந்த வருடம் கிளிநொச்சிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், சனசமூக நிலையத்தின் முன்னால் நிற்கும் பாலை மரத்தடியில் கூட்டம் வைத்தோம். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை விளக்குவதுதான் நோக்கம். முப்பது பெண்கள் வரை வந்திருந்தார்கள். வீதியோரமாகச் சைக்கிளைப் பிடித்தபடி நாலைந்து ஆண்களும் நின்றார்கள். அவர்களில் வயதான ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “பிள்ளைகள், நீங்கள் புருசன் பெண்சாதியைப் பிரித்து வைக்கிற ஆட்களா?” என்னோடு வந்த தங்கச்சி ஒருத்தி உடனே எழுந்து, “இல்லை ஐயா. அது தீவிரப் பெண்ணியம், வெளிநாட்டில் இருக்கிறது. நாங்கள் குடும்பத்தை மதிக்கிறவர்கள்” என்றாள். ஐயாவுக்குத் திருப்தி. தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

கடைசி வரிசையில் மடியில் பிள்ளையோடு ஒரு பெண் இருந்தாள். நாங்கள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை ஓரிடத்தில் மடித்துக் கையில் வைத்திருந்தாள். அந்தப் பதிலைக் கேட்டபின் அதைக் கதிரையில் வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அடிக்கிறவரைத் தடுக்கிற பாதுகாப்புக் கட்டளைக்கு நீதவான் நீதிமன்றத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்ற பக்கத்தில் மடிப்பு இருந்தது.

தங்கச்சி கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கூட்டத்தைக் குழப்பாமல் நடத்தி முடிக்க நினைத்தாள். ஆனால் இதே கேள்வி இப்போது பலரிடமிருந்து எனக்கு வருகிறது. மாங்குளத்தில் வாசிப்பு வட்டம் நடத்தும் பிள்ளை கேட்கிறாள். முல்லைத்தீவில் புதிய மாதர் அமைப்புக்கு யாப்பு (அமைப்பு விதிகள்) எழுதுகிறவள் கேட்கிறாள். வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒருத்தி, கட்டுரைக்காகக் கேட்கிறாள். தீவிரப் பெண்ணியத்தைப் பொதுநீரோட்டப் பெண்ணியத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமா, இரண்டையும் ஒரே பெயரில் விட்டுவிடலாமா? மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் வழிகளை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கிறேன்.

எதைக் கொண்டு அளப்பது

நான் நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை.

முதலாவதுதான் மிகப் பெரியது: உதவி தேடி வருகிற பெண்ணுக்கு நாங்கள் சொல்வது கதவைத் திறக்கிறதா, மூடுகிறதா. இரண்டாவது, வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறதா. மூன்றாவது, நாங்கள் போட்ட கோட்டை யார் எடுத்து யாருக்கு எதிராகப் பயன்படுத்துவார்கள். நான்காவது, ஆண் ஆதிக்கத்தின் வேரைப் பற்றிய கேள்வி எங்கள் வேலைக்குள் தொடர்ந்து உயிரோடு இருக்குமா, அல்லது தையல் இயந்திரத்தோடும் கோழிக்கூட்டோடும் முடிந்துவிடுமா.

முதலில் அந்தச் சொல்

ஆங்கிலத்தில் ‘ராடிக்கல்’ என்ற சொல்லின் மூலம், ‘வேர்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல். வேர்வரை தோண்டிப் பார்ப்பது என்பதுதான் அந்தப் பெயரின் உள்ளடக்கம். தமிழில் அது ‘தீவிரம்’ ஆனபோது வேர் காணாமல் போய்க் கடுமை மட்டும் மிஞ்சியது. வேறு இடங்களில் இது மொழிபெயர்ப்புக் குறை, அவ்வளவுதான். வன்னியில் அப்படி இல்லை. ‘தீவிர’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘வாதி’ என்ற வால் எந்தச் சோதனைச்சாவடியில், எந்த வாயிலிருந்து, யாரை நோக்கி வந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முன்னாள் போராளிகளை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்து இன்னமும் விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணிடம் ‘நீ தீவிரப் பெண்ணியவாதியா’ என்று கேட்டால், அவளுடைய காதில் முதலில் விழுவது ‘தீவிர’ என்பது மட்டும்தான். வேர்ப் பெண்ணியம் என்றே எழுதலாம் என்பது என் விருப்பம். வழக்கில் இல்லாததால் இந்தக் கட்டுரையில் பழகிய சொல்லையே வைத்திருக்கிறேன்.

உண்மையில் வேறுபாடு இருக்கிறதா

இருக்கிறது. 1966 இல் அமெரிக்காவில் தேசியப் பெண்கள் அமைப்பு தொடங்கியபோது வேலை, சம்பளம், கல்வி, சட்டம் ஆகியவற்றில் சம இடம் கேட்டது. பொதுநீரோட்டம் என்பது இதுதான். 1967 இலிருந்து நியூயோர்க்கில் சேரத் தொடங்கிய இளம் பெண்கள் அது போதாது என்றார்கள். 1970 இல் கேட் மில்லட், சூலமித் பயர்ஸ்டோன் இருவரின் நூல்களும் வந்தன. ஆண் ஆதிக்கம் சட்டத்தில் உள்ள ஓட்டை மட்டுமில்லை, படுக்கையிலும் அடுப்படியிலும் பிள்ளைப்பேற்றிலும் குடியிருக்கிற அதிகாரம் என்பது அவர்கள் வாதம். தீவிரப் பெண்ணியம் என்பது இது. சில பெண்கள் வட்டமாக இருந்து தங்கள் வீட்டுக்குள் நடப்பதைப் பேசுவதே அவர்கள் கண்ட முதல் வேலைமுறை. 2009 இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் இருந்தபடி பெண்கள் பேசியதை நினைக்கிறபோது, அந்த முறையை எங்களுக்கு யாரும் இறக்குமதி செய்து தரத் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் கூட்டங்களில் அடிக்கடி வருகிற சில விடயங்களில் இரண்டும் முதலில் கேட்கிற கேள்வி எப்படி மாறுகிறது என்பதை இப்படிக் காட்டலாம்:

| விடயம் | பொதுநீரோட்டம் முதலில் கேட்பது | தீவிரப் பெண்ணியம் முதலில் கேட்பது |
|---|---|---|
| காணி | சட்டத்தில் சம உரிமை இருக்கிறதா? | காணி உறுதி (பத்திரம்) அவள் பெயரில் இருந்தாலும் முடிவு யாருடையது? |
| வீட்டு வன்முறை | கட்டளை, பொலிஸ், தங்குமிடம் கிடைக்கிறதா? | அடிக்கலாம் என்ற துணிவு அவனுக்கு எங்கிருந்து வருகிறது? |
| உள்ளூராட்சி சபை | பெண்களுக்கான 25 வீத இடம் நிரம்பியதா? | அவள் சபைக்குப் போகும் நாளில் வீட்டில் சமைப்பது யார்? |
| பாலியல் தொழில் | அதில் உள்ள பெண்ணின் பாதுகாப்பு என்ன? | விலை கொடுத்து வாங்குகிறவனை ஏன் கேட்பதில்லை? |

அட்டவணை கோட்டை மிகவும் நேராகக் காட்டுகிறது. உண்மையில் அது நகர்ந்துகொண்டே இருக்கிற கோடு. 1927 இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியபோது பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று, அரசியலமைப்பைச் சீர்திருத்த பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு சொன்னது. 1931 இல் 21 வயதான பெண்களும் வாக்களித்தார்கள். இன்று அதைத் தீவிரம் என்று எவரும் சொல்வதில்லை. வேலைத்தலத்துப் பாலியல் தொந்தரவை ஒரு பாகுபாடாகவே பார்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் கத்தரின் மக்கினன் 1979 இல் எழுதியபோது அது தீவிரப் பெண்ணியம். 1995 இல் பாலியல் தொந்தரவு எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் 345 ஆம் பிரிவாகிவிட்டது. நாங்கள் பாலை மரத்தடியில் விளக்கிய வீட்டு வன்முறைச் சட்டமும், ‘வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு’ என்ற பேச்சை உடைத்தவர்களின் உழைப்பில் விளைந்ததுதான். அதை விளக்கிக்கொண்டே ‘அவர்கள் வேறு, நாங்கள் வேறு’ என்றோம்.

வழி ஒன்று: வெளிப்படையாகப் பிரித்துக் காட்டுவது

இதற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. தீவிரப் பெண்ணியத்தின் ஒரு கிளை, ஆண்களிடமிருந்து முற்றாக விலகி வாழ்வதை அரசியலாக முன்வைத்தது. வன்னியில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் இருந்த தாய்மார் தேடியது காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் மகன்களையும் கணவன்மாரையும். அதே காலத்தில் கேப்பாப்புலவில் படைமுகாமின் வாசலில் பெண்கள் படையினர் பிடித்திருந்த காணிக்காக இரவும் பகலும் இருந்தபோது, ஆண்களும் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். இன ஒடுக்குமுறைக்குள் வாழ்கிற பெண்ணுக்குத் தன் சமூகத்து ஆண் ஒரே நேரத்தில் ஒடுக்குகிறவனாகவும் சேர்ந்து ஒடுக்கப்படுகிறவனாகவும் இருக்கிறான். 1977 இல் பொஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பெண்களின் கொம்பாகி ரிவர் குழு இதே காரணத்துக்காகத்தான் விலகி வாழும் அரசியலை மறுத்தது. அந்த மறுப்பைப் படிக்கிற பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கிளைகளைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. திருநங்கை ஒருவர் எங்களோடு வேலை செய்யலாமா என்று கேட்டு வந்தார். தீவிரப் பெண்ணியவாதிகள் தன்னைப் பெண்ணாக ஏற்பதில்லை என்று கைப்பேசியில் வாசித்திருந்தார். அவருக்கு ‘பெண்ணியம் எல்லாம் ஒன்றுதான்’ என்று சொன்னால் அது பதிலே இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது எங்கள் நிலைப்பாடு. ஆனால் இந்த இடத்திலும் பெயர் கைகொடுக்கவில்லை. தீவிரப் பெண்ணியவாதிகளிலும் சிலர் திருநங்கையரை மறுத்து எழுதியிருக்கிறார்கள், மக்கினன் போன்றவர்கள் ஏற்றுப் பேசியிருக்கிறார்கள். ‘நாங்கள் தீவிரம் இல்லை’ என்ற பதிலிலிருந்து அவருக்கு எதுவுமே தெரிய வந்திராது. “நீங்கள் பெண். வாருங்கள்” என்றோம். அதுதான் அவர் கேட்ட கேள்விக்கான பதில்.

மறைவான செலவைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழியை எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைக் காண்பதில்லை. பொது இடத்தில் பிரித்துச் சொல்லும்போது ஊர் அதைக் கேட்பது ‘நல்ல பெண், கெட்ட பெண்’ என்றுதான். பிறகு அந்தக் கோட்டை வைத்திருப்பவர்கள் நாங்களில்லை. கணவனைப் பொலிசில் முறையிட்டவள் கோட்டுக்கு அந்தப் பக்கம். மறுமணம் செய்த விதவை அந்தப் பக்கம். சீதனம் வேண்டாம் என்று கலியாணத்தை நிறுத்தியவள் அந்தப் பக்கம். போராளியாக இருந்து திரும்பிய பெண்ணுக்கு இது இன்னும் கொடூரம். ஆணுக்குச் சமமாக நின்றவள் என்று ஒரு காலத்தில் புகழ்ந்த அதே ஊர், 2009 க்குப் பிறகு அவளை யார் கலியாணம் முடிப்பார்கள் என்று கேட்டது. வெளியில் சம இடம் கிடைத்தும் வீட்டுக்குள் எதுவும் அசையவில்லை என்பதற்கு அவளுடைய வாழ்க்கையே சாட்சி. வேர்க் கேள்வியைக் கேட்க அதிக உரிமை உள்ளவள் அவள். ‘அந்தக் கேள்வி எங்களுடையதில்லை’ என்று அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

வழி இரண்டு: பிரிக்காமல் ஒரே பெயரில் விடுவது

இங்கே பலரும் செய்வது இதுதான். ஒரு துயரத்தில் ஒன்றாக நிற்க வேண்டிய நேரத்தில் இது சரியும்கூட. ஒரு சிறுமி கொல்லப்பட்டு ஊரே வீதிக்கு வரும்போது, பதாகையைப் பிடிக்கிறவள் எந்தக் கிளை என்று கேட்பது பாவம்.

ஆனால் ஒரே பெயர் என்றால், அந்தப் பெயரின் பொருளை யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்களே நிரப்புவார்கள். போர் முடிந்த பிறகு வன்னிக்குப் ‘பெண்களுக்கு வலுவூட்டல்’ வந்தது. அதன் பின்னாலேயே நுண்கடன் வந்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருத்திக்கொருத்தி பிணை நின்று கடன் எடுத்தார்கள். கிழமைத் தவணை கட்ட முடியாத வீட்டுப் படலையில் கடன் அறவிடுகிறவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பொழுது படும் வரை இருந்ததை நான் கண்டிருக்கிறேன். வீட்டுக்காரி பின்வேலியால் போய் அயலில் ஒளிந்திருந்தாள். பிணை நின்ற அக்காமார் முற்றத்தில் வந்து அவளைத் திட்டினார்கள். 2018 இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தலையிட்டுத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இவ்வளவும் பெண்ணின் முன்னேற்றம் என்ற பெயரில் நடந்தது. கடன் அவள் பெயரில், செலவழித்தது யார், வீட்டு வேலையைக் குறைத்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கிற மரபு ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது. பிரிக்காமல் விட்டதன் விலை இது.

சட்டத்திலும் அப்படித்தான். மனைவியை வல்லுறவுக்கு உட்படுத்துவது இலங்கையில் குற்றமாவது, நீதிமன்றத்தால் அவர்கள் பிரிக்கப்பட்டிருந்தால் மட்டும். 1995 திருத்தம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. ‘எல்லோரும் ஒன்றுதான்’ என்று பேசுகிற மேடைகளில் இந்த விடயம் ஒவ்வொரு முறையும் நிகழ்ச்சி நிரலின் கடைசிக்குத் தள்ளப்பட்டு, நேரமில்லை என்று முடிந்துவிடுகிறது.

வழி மூன்று: ஆட்களுக்குப் பெயர் வைக்காமல் கோரிக்கைகளைப் பிரிப்பது

நான் இப்போது நிற்கிற இடம் இது. ‘நீங்கள் எந்தப் பெண்ணியம்’ என்ற கேள்விக்குப் பெயரால் பதில் சொல்லாமல், எதைக் கேட்கிறோம் என்று சொல்வது. ஒவ்வொரு கோரிக்கையிலும் இன்றைக்குச் சட்டத்தில் மாற்ற வேண்டியது எது, வேரில் மாற்ற வேண்டியது எது என்று இரண்டு படியாகப் பார்ப்பது.

காணியை எடுங்கள். முள்ளியவளைப் பக்கம் ஒரு அக்கா. தாய் சீதனமாக எழுதிக் கொடுத்த வயல், அவள் பெயரில் உறுதி. கணவன் 2009 மே மாதத்தில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர். மகளின் படிப்புக்காக வயலை ஈடு வைக்கப் போனாள். தேசவழமையின் (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்தின்) கீழ் வருகிற மணமான பெண், 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பதினைந்து வருடமாக எந்த அரசிடம் “என் கணவன் எங்கே” என்று கேட்டாளோ, அந்த அரசின் நீதிமன்றத்துக்குப் போய் “என் கணவன் எங்கே என்று எனக்குத் தெரியாது” என்று அவளே சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்து வைக்குமுன் பேனையை இரண்டு தரம் கீழே வைத்தாள்.

முதல் படி தெளிவு: அந்தச் சம்மதப் பிரிவு நீங்க வேண்டும். இது பொதுநீரோட்டக் கோரிக்கை. நடக்கக்கூடியதுதான். அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகளில் வாரிசாக ஆணுக்கு இருந்த முன்னுரிமை 1935 இலிருந்து நின்று 2022 இல் திருத்தப்பட்டது. குடியேற்றத்திட்டக் காணிகளே நிறைந்த வன்னிக்கு அது சிறிய விடயமில்லை. ஆனால் நீதிமன்ற அனுமதி கிடைத்த பிறகும் அந்த அக்கா வயலை ஈடு வைக்கவில்லை. அவளுடைய தம்பி மறித்துவிட்டான். “குடும்பக் காணியை ஆம்பிளை இல்லாத வீடு அழித்துவிட்டது என்று ஊர் சொல்லும்” என்றான். அவன் வாயை அடைக்க எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. இரண்டாம் படி அங்கே தொடங்குகிறது. முதல் படியில் மட்டும் வேலை செய்கிறவர்கள் நீதிமன்ற வாசலோடு வெற்றி என்று எழுதிவிடுவார்கள். இரண்டாம் படியை மட்டும் பேசுகிறவர்கள், வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டிய பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிற தாயிடம் ஆணாதிக்கத்தின் தோற்றம் பற்றி விரிவுரை செய்வார்கள். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். இரண்டுமே அவளுக்குப் போதவில்லை.

இந்த வழிக்கும் செலவு உண்டு. நேரம் போகும். ஒவ்வொரு விடயத்திலும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அந்தப் பேச்சில் சிலர் விலகிப் போவார்கள். எங்களில் இருவர் போனார்கள், அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நிதி தருகிறவர்களின் படிவத்தில் இரண்டு படிக்கு இடமில்லை. புதிதாகச் சேர்கிற பிள்ளைக்கு ஒரு பெயரைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துகிற மகிழ்ச்சியும் கிடைக்காது.

யாருக்கு எது

வவுனியாவில் கட்டுரை எழுதுகிற பிள்ளைக்கு: பிரித்தே எழுது. ஆண்டுகளோடு, ஆட்களோடு, அவர்கள் ஒருவரை ஒருவர் எதில் மறுத்தார்கள் என்பதோடு எழுது. கொம்பாகி ரிவர் குழுவை விட்டுவிடாதே.

மாங்குளம் வாசிப்பு வட்டத்துக்கும் அப்படியே, ஆனால் ‘நாங்கள் எந்தப் பக்கம்’ என்று வாக்கெடுப்பு வைக்க வேண்டாம். ஒரு மாதம் ஒரு தரப்பின் வாதத்தை அதை நம்புகிறவர்களைப் போலவே வாசியுங்கள்.

கிராமக் கூட்டத்தில், ஆண்கள் காது கொடுக்கிற இடத்தில், ‘நாங்கள் அவர்கள் இல்லை’ என்ற வாக்கியத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த ஐயா மீண்டும் கேட்டால் நான் சொல்லப்போவது: “அடி வாங்குகிற பெண் எங்கே போகலாம் என்று சொல்ல வந்திருக்கிறோம் ஐயா. பிரிவதா இருப்பதா என்பதை அவள் தீர்மானிப்பாள்.” பின்வரிசையில் இருப்பவளும் அதைக் கேட்க வேண்டும்.

யாப்பு எழுதுகிறவளுக்கு, கோரிக்கைகளைப் பிரித்து நாங்கள் எழுதிய தாளின் பிரதியை அனுப்பியிருக்கிறேன். முதல் நான்கு வரிகள் காணி, வீட்டு வன்முறை, திருமணத்துக்குள் வல்லுறவு, திருநங்கையர் உறுப்புரிமை பற்றியவை. நான்கிலும் இரண்டு படியும் எழுதியிருக்கிறோம். ஐந்தாவது பாலியல் தொழில். 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டி அந்தப் பெண்களைக் கைது செய்வது நிற்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. வாங்குகிறவனைத் தண்டிப்பதா, தொழிலாக ஏற்றுப் பாதுகாப்புக் கேட்பதா என்பதில் மூன்று கூட்டமாகப் பேசியும் உடன்படவில்லை. அந்த இடத்தில் இரண்டு வாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். அடுத்த கூட்டம் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தன்று.